பாலத்தின் அடியில் தொடங்குங்கள்: வறண்ட ஊர்களில் தகைவிலான் பார்க்க ஒரு வழிகாட்டி

பறவை பார்க்க ஆரம்பித்த முதல் வருடம் என் குறிப்பேட்டில் பக்கத்துக்குப் பக்கம் "தகைவிலான் 40", "தகைவிலான் 60" என்று எழுதி வைத்திருந்தேன். அதில் ஒன்றுகூடத் தகைவிலான் (ஆங்கிலத்தில் swallow) இல்லை. எல்லாம் எங்கள் ஊர்ப் பேருந்து நிலையக் கூரையில் கூடு வைத்திருந்த நாட்டு உழவாரன்கள் (swift). சின்னதாக, கறுப்பாக, வேகமாகப் பறந்தால் தகைவிலான். அவ்வளவுதான் அன்றைக்கு எனக்குத் தெரிந்த அடையாளம். ஒருநாள் கூட வந்த அனுபவசாலி ஒருவர் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல ஏதாவது ஒண்ணு கம்பியில உக்காந்து பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். பார்த்திருக்கவில்லை. பார்க்கவும் முடியாது. உழவாரனின் கால்விரல் நான்கும் முன்பக்கமாகவே திரும்பியிருக்கும். சுவரைப் பற்றித் தொங்கத்தான் அதற்கு வரும், கம்பியில் உட்கார வராது.

அதிலிருந்து என் பழக்கம் மாறியது. தகைவிலான் வானத்துப் பறவைதான், ஆனால் அதைத் தெரிந்துகொள்ளும் இடம் வானம் இல்லை. மின்கம்பி, சேற்றுக் குட்டை, சிறுபாலத்தின் அடிப்பக்கம் என்று மூன்று இடங்கள் இருக்கின்றன. அந்த வரிசையிலேயே போவோம்.

நான் சுற்றுவது காங்கேயம், தாராபுரம் பக்கம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் காய்ந்த நிலம். கிளுவை முள்வேலி போட்ட கொறங்காடுகள், நடுவில் அங்கங்கே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல், அதில் மேயும் மாடுகள். மாடு நடந்தால் புல்லிலிருந்து பூச்சி கிளம்பும், பூச்சி கிளம்பினால் தகைவிலான் வரும். உங்கள் ஊர் மானாவாரிக் காடோ, கரிசல் பொட்டலோ, பாறைக் குன்றோ, எதுவானாலும் இங்கே சொல்வது பெரும்பாலும் பொருந்தும்.

படி 1: கிளம்புமுன்

பைனாகுலர் 8x42 போதும். கடைக்காரர் "10x இன்னும் பெரிசா காட்டும் சார்" என்பார். காட்டும்தான், ஆனால் பார்வைப் பரப்பு குறைந்துவிடும். பறந்துகொண்டே இருக்கும் ஒரு பறவைக்குப் பரப்புதான் முக்கியம். பைனாகுலரே இல்லையென்றாலும் பாதகமில்லை; பாலத்தடிக்கு வெறும் கண் போதும். தொப்பி, தண்ணீர், பேனா, சின்ன நோட்டு. காலை ஏழிலிருந்து ஒன்பதரை வரை நல்ல நேரம். வெயில் ஏற ஏறச் சூடான காற்றோடு பூச்சியும் மேலே போகும், பின்னாலேயே பறவையும் போகும். பதினொரு மணிக்கு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றால் கழுத்து வலிதான் மிச்சம்.

படி 2: கம்பியைப் படியுங்கள்

ஊருக்கு வெளியே மின்கம்பி போகும் சாலையில் மெதுவாகப் போங்கள். கம்பியில் சின்னப் பறவைகள் இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தால் நில்லுங்கள். இந்த இடைவெளியே முதல் அடையாளம். தகைவிலான்கள் கூட்டமாக இருந்தாலும் ஒன்றையொன்று ஒட்டாமல், ஒரு கொத்து எட்டாத தூரம் விட்டே உட்காரும். தோளோடு தோள் உரசி, நாலைந்து ஒன்றாக நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தால், அதுவும் பக்கத்தில் பனைமரம் இருந்தால், அது பெயரில் மட்டும் தகைவிலான்: சாம்பல் நிற மரத் தகைவிலான். உடம்பு பருமன், அலகு தடித்து நீலச்சாம்பலாக இருக்கும், பறக்கையில் இறக்கை அடியில் அகன்ற முக்கோணம் போலத் தெரியும். இதுவும் பறந்தே பூச்சி பிடிக்கிறது, அதனால்தான் குழப்பம். குடும்பமே வேறு. பனை மட்டையின் அடியில் கூடு வைக்கும் இதைப் பார்த்து "தகைவிலான்" என்று எழுதாத புதியவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

சரி, உட்கார்ந்திருப்பது உண்மையான தகைவிலான்தான் என்று வைத்துக்கொள்வோம். எந்தத் தகைவிலான்? தமிழ்ப் பெயர்கள் கையேட்டுக்குக் கையேடு மாறும். ஆகவே பெயரை விட்டுவிட்டு உடம்பைப் பாருங்கள்.

வறண்ட உள்நாட்டில் முதலில் பழக வேண்டியது செம்பிட்டத் தகைவிலான். அறிவியல் பெயர் செக்ரோபிஸ் டௌரிக்கா. முதுகு நீலம் கலந்த கறுப்பு, வெயில் பட்டால் மினுங்கும். வால் தொடங்கும் இடத்துக்கு மேலே, இடுப்பில், செங்கல் பொடி தூவியதுபோல் ஒரு பட்டை. கன்னத்திலும் பிடரியிலும் அதே செம்மை. வயிறு வெளிறியிருக்கும், கிட்டத்தில் பார்த்தால் பென்சிலால் இழுத்த மாதிரி மெல்லிய கோடுகள் தெரியும். ஆனால் கம்பியில் இருப்பதை நாம் பெரும்பாலும் கீழே இருந்துதானே பார்க்கிறோம்? அப்போது இடுப்பு தெரியாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. வாலின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வயிறு முடியும் இடத்திலிருந்து வால் நுனி வரை, பறவையின் பின்பாதியை மட்டும் மைப்புட்டியில் முக்கி எடுத்ததுபோல் கறுப்பாக இருக்கும். எல்லை கத்தரித்தது போலத் துல்லியமாக இருக்கும். நம் ஊரில் கம்பியில் உட்காரும் வேறு எந்தத் தகைவிலானுக்கும் இது கிடையாது.

பக்கத்திலேயே வயிறு வெள்ளையாக, தொண்டை செம்பழுப்பாக, தொண்டைக்குக் கீழே கருநீலப் பட்டையோடு ஒன்று உட்கார்ந்திருந்தால் அது வலசை வரும் சாதாரணத் தகைவிலான். குளிர்காலத்தில் கிராமத்துக் கம்பிகளை நிரப்புவது இதுதான். இளம் பறவைகளுக்கு வாலின் நீண்ட இழைகள் வளர்ந்திருக்காது, நிறமும் மங்கல். வாலை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

கம்பிவால் தகைவிலானைக் கண்டுபிடிப்பது சுலபம். தலையில் செம்பழுப்புத் தொப்பி, தொண்டையிலிருந்து வயிறு வரை துவைத்துக் காயப்போட்ட வேட்டி வெள்ளை. கம்பி போன்ற இரண்டு வால் இழைகள் தூரத்தில் தெரியாது. பெண்ணுக்கு அவை குட்டை வேறு. தொப்பியையும் வெள்ளையையும் பாருங்கள், போதும். இது தண்ணீரை விட்டு ரொம்பத் தள்ளிப் போகாது. வாய்க்கால், குளம், ஆற்றுப்பாலம்.

இந்த மூன்றைவிடவும் சின்னதாக, வால் பிளவே இல்லாததுபோல், தொண்டையெல்லாம் கோடு கோடாக ஒன்று இருந்தால் அது வரித்தொண்டைத் தகைவிலான். ஐந்தாவது, பாறைத் தகைவிலான். உடம்பு முழுக்க ஒரே புகைப் பழுப்பு. இது கம்பியை அவ்வளவாக நாடாது. செஞ்சி, நாமக்கல், திண்டுக்கல் மாதிரிப் பாறையும் கோட்டையுமாக இருக்கும் இடங்களில், பாறைச் சரிவை ஒட்டியபடி போவதும் திரும்புவதுமாக இருக்கும். திரும்பும்போது வாலை விரிக்கும். அந்த ஒரு நொடியில் வாலில் வரிசையாகச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

இந்தப் பாறைத் தகைவிலானையும், நம் ஊரில் தங்கிக் கூடு வைக்கும் செம்பிட்ட இனத்தையும் அறிவியலுக்கு முதலில் எழுதி வைத்தவர் ஒருவரே: வில்லியம் ஹென்றி சைக்ஸ் என்ற ராணுவ அதிகாரி, 1832-இல். அவர் சுற்றியதும் நம்முடையதைப் போன்ற வறண்ட தக்காண மேட்டு நிலத்தில்தான்.

படி 3: பறப்பதைப் பார்க்க ஒரு தந்திரம்

பைனாகுலரை வைத்துப் பறவையைத் துரத்தாதீர்கள். தகைவிலான் வேட்டையாடும்போது பெரும்பாலும் ஒரே வட்டத்தில் திரும்பத் திரும்ப வரும். இரண்டு நிமிடம் வெறும் கண்ணால் பார்த்து அந்த வட்டத்தைப் பிடியுங்கள். வட்டம் எந்த மரத்தைத் தாண்டிப் போகிறதோ அந்த மரத்தின் மேல் ஃபோகஸை வைத்துக்கொண்டு காத்திருங்கள். பறவை தானாக உள்ளே வரும்.

உழவாரனின் இறக்கை கதிர் அரிவாள் மாதிரி விறைப்பாக வளைந்திருக்கும், படபடவென்று அடிக்கும். தகைவிலானின் இறக்கை மடங்கி விரியும், ஓட்டம் குழைவாக இருக்கும். செம்பிட்டம் நாலு அடி அடித்துவிட்டு நீண்ட நேரம் மிதக்கும், இருப்பதிலேயே நிதானமானது. கம்பிவால் தண்ணீரைத் தொடுவதுபோல் தாழ்ந்து சீறும். பறந்தபடியே அலகால் தண்ணீரைக் கிழித்துக் குடிப்பதையும் அங்கே பார்க்கலாம்.

"தட்டான் தாழப் பறந்தால் மழை" என்பார்கள் இல்லையா, அந்த மூட்டமான மாலைகளைத் தவறவிடாதீர்கள். பூச்சி தாழ்ந்தால் தகைவிலானும் தலைக்கு மேல் ஆளுயரத்துக்கு இறங்கிவிடும். மழை விட்டு ஈசல் கிளம்பினால் இன்னும் நல்லது. அன்றைக்கு பைனாகுலரைப் பைக்குள் வைத்துவிட்டு, புற்றுக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்ளுங்கள்.

படி 4: சேற்றுக்குப் போங்கள்

தகைவிலான் தரையில் இறங்குவது அபூர்வம். இறங்கினால் பெரும்பாலும் மண்ணுக்குத்தான். ஏப்ரல், மே மாதக் கோடை மழைக்கு மறுநாள் காலை, வண்டித்தடத்தில் தேங்கிய குட்டைகளைப் பாருங்கள். மழையே இல்லாத வருடத்தில் இன்னும் சுலபம், ஈரம் இருக்கும் இடம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும்: குழாய் கசியும் இடம், மாட்டுத் தண்ணீர்த் தொட்டி வழியும் இடம்.

நான் முதல்முதலில் இதைக் கிட்டத்தில் பார்த்தது அப்படி ஒரு தொட்டியடியில். இரண்டு செம்பிட்டங்கள் இறங்கின. குட்டைக் கால்கள்; நடை என்று சொல்ல முடியாது, தத்தித் தத்தி நகர்ந்தன. உடம்பில் சேறு படாமல் இறக்கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஓரத்துச் சேற்றில் அலகைக் குத்தி, ஒரு புரட்டுப் புரட்டி, மிளகைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டையோடு கிளம்பின. நடுவில் நீர்த்துக் கிடந்த சேற்றை இரண்டும் தொடவில்லை. ஓரத்தில், பிசைந்த மாவு பதத்தில் இருந்ததைத்தான் எடுத்தன. மாடு ஓட்டி வந்த பெரியவர் நான் குனிந்து கிடப்பதைப் பார்த்து, "மண்ணத் திங்குதுன்னு நெனச்சீங்களா தம்பி? ஊடு கட்டுதுங்க. அந்தப் பாலத்துக்கடியில போய்ப் பாருங்க" என்றார்.

இந்தப் படியின் பயன் அதுதான். சேறு எடுத்த பறவை எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். ரொம்ப தூரம் சுமக்காது, நேராகப் போகும். இரண்டு மூன்று நடைக்குள் கூடு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

படி 5: பாலத்தின் அடிப்பக்கம்

முதலில் சில எச்சரிக்கைகள். வண்டியைச் சாலையை விட்டு நன்றாக ஒதுக்கி நிறுத்துங்கள். குனிந்து நுழையுமுன் ஒரு நிமிடம் நின்று தேன்கூடு தொங்குகிறதா என்று பாருங்கள். பெரிய பாலங்களில் மலைத்தேனீ இருக்கும், இருந்தால் திரும்பிவிடுங்கள். கல் இடுக்கில் பாம்பு இருக்கலாம். மேற்கே கறுத்திருந்தால் ஓடைக்குள் இறங்கவே வேண்டாம். காய்ந்த ஓடையில் தண்ணீர் சொல்லிக்கொண்டு வராது.

இப்போது மேலே பாருங்கள். பறவையே இல்லாவிட்டாலும் கூடு யாருடையது என்று சொல்லிவிடும். புதியவர்களுக்கு நான் முதலில் கூட்டைக் கற்றுக்கொடுப்பது இதனால்தான்: அது பறக்காது.

பாதியாகப் பிளந்த சுரைக்குடுக்கையைக் கூரையில் கவிழ்த்து ஒட்டியதுபோல், ஒரு பக்கம் வயிறும் மறுபக்கம் குழாய் போன்ற கழுத்துமாக இருந்தால் செம்பிட்டம். கழுத்தின் நுனியில்தான் வாசல். அப்படிப்பட்ட குடுக்கைகள் சின்னச் சின்னதாக, தேனடை மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு கும்பலாக இருந்தால் வரித்தொண்டை. அது எப்போதும் காலனியாகவே வாழும். குடுக்கையாக இல்லாமல், சுவரில் ஒட்டிய பாதிக் கிண்ணம் போல மேலே திறந்திருந்தால் கம்பிவால் அல்லது பாறை இனம். கீழே தண்ணீர் இருந்தால் கம்பிவாலை முதலில் சந்தேகியுங்கள், பாறையிலோ கோட்டைச் சுவரிலோ இருந்தால் மற்றதை. சேறே இல்லாமல் இறகும் வைக்கோலும் எச்சிலும் சேர்த்து ஒட்டிய அழுக்கு மூட்டையாக இருந்தால் உழவாரன். வலசை வரும் சாதாரணத் தகைவிலான் தமிழ்நாட்டில் கூடு வைப்பதில்லை, அதனால் அந்தக் கவலை வேண்டாம்.

செம்பிட்டத்தின் கூட்டுச் சுவரை உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு உருண்டையும் தனித்தனியாகத் தெரியும். நூற்றுக்கணக்கில் இருக்கும். சில இடங்களில் நிறம் பட்டை பட்டையாக மாறும்: ஒரு பட்டை செம்மண், அடுத்தது சாம்பல். குட்டை காய்ந்துபோய் வேறிடத்தில் மண் எடுத்திருக்கிறது என்பதுதான் அதற்கு நான் செய்யும் ஊகம். ஈர மண்ணின் மேல் உடனே ஈர மண் வைத்தால் கனம் தாங்காமல் விழும்; கொஞ்சம் வைத்து, காயவிட்டு, மேலே தொடரும். ஆகவே முழுக் கூடாக இரண்டு வாரம்கூட ஆகலாம். பாதியில் நிற்கும் கூட்டைக் கைவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆள் குடியிருக்கிறதா என்று தெரிய, கூட்டுக்கு நேர் கீழே தரையைப் பாருங்கள். புது வெள்ளை எச்சம் இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது, குஞ்சும் இருக்கலாம். வாசலில் வைக்கோல் நீட்டிக்கொண்டிருந்தால் சிட்டுக்குருவி பிடித்துவிட்டது. இறகு நீட்டிக்கொண்டிருந்தால் உழவாரன். கட்டியவர் ஒருவர், குடியிருப்பவர் வேறொருவர் என்பது இங்கே வெகு சாதாரணம்.

குஞ்சுள்ள கூட்டுக்குக் கீழே ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள். தாய் அலகு நிறையப் பூச்சியோடு வெளியே வட்டமடித்துக்கொண்டிருக்கும், நீங்கள் நிற்பதால் உள்ளே வராது. வாசலுக்குள் டார்ச் அடிப்பது, குச்சியில் கண்ணாடி கட்டி எட்டிப் பார்ப்பது, ஃபிளாஷ் போட்டுப் படம் எடுப்பது எதுவும் வேண்டாம். வெளியே இருபதடி தள்ளி உட்கார்ந்து, பதினைந்து நிமிடத்தில் எத்தனை தடவை இரை வருகிறது என்று எண்ணுங்கள். படம் வேண்டுமென்றால் அங்கிருந்தே கைபேசியில் ஸ்லோமோஷன் வீடியோ எடுங்கள். ஃபோட்டோவில் கலங்கித் தெரியும் பறவை அதில் தெளிவாக வரும்.

படி 6: மாதம் பார்த்துப் போங்கள்

செம்பிட்டத்தின் கூட்டுக்காலம் ஏறக்குறைய ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை. பாலத்தடி வேலையை அப்போது வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில் வலசைத் தகைவிலான்கள் வந்து சேரும், ஏப்ரல் வரை இருக்கும்; கம்பியைப் படித்துப் பழக அந்த மாதங்கள். வடக்கிலிருந்து வரும் செம்பிட்டங்களும் குளிர்காலத்தில் கலந்துகொள்ளும். அவற்றை உள்ளூர்ப் பறவையிலிருந்து பிரிக்கப் பார்த்து நான் நிறையப் பொழுதை வீணடித்திருக்கிறேன், நீங்கள் அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பாறை இனமும் கம்பிவாலும் வருடம் முழுக்க இருக்கும்.

படி 7: எழுதும்போது

இடம், நேரம், எண்ணிக்கை, என்ன செய்துகொண்டிருந்தது. கடைசியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். "கம்பியில் 6" என்பதைவிட "தொட்டியடியில் சேறு எடுத்தவை 2" என்ற குறிப்பு பத்து வருடம் கழித்தும் பயன்படும். பறவைப் பட்டியல்களைப் பதியும் ஈபேர்ட் (eBird) இணையதளத்தில் பதிவதானால் இனம் தெரியாதவற்றைத் "தகைவிலான், இனம் தெரியவில்லை" என்று போடவும் அதில் வழியுண்டு. வெட்கப்படாமல் அதைப் பயன்படுத்துங்கள். பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் ஒரு காலை கலந்துகொண்டால், பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் நின்று திருத்துவார். மூன்று மாதப் படிப்பு ஒரே காலையில் முடியும். கூடு இருக்கும் பாலத்தின் இடத்தை மட்டும் எல்லோருக்கும் தெரியும்படி போடாதீர்கள்.

வீட்டிலேயே கூடு வைத்தால்

செம்பிட்டம் பழைய ஓட்டு வீட்டுத் திண்ணையிலும் மாடிப்படிக்கு அடியிலும் கட்டும். வீட்டில் முதலில் எழும் புகார் எச்சம்தான். கூட்டுக்கு ஒரு முழம் கீழே பழைய அட்டையை ஆணியடித்து வையுங்கள், வாரம் ஒருமுறை மாற்றுங்கள், பிரச்சினை அத்தோடு தீரும். தீபாவளிக்கு வெள்ளையடிக்க வருபவர் முதலில் கை வைப்பது அந்தக் கூட்டில்தான்; முன்னமே சொல்லிவிடுங்கள். பழைய கூட்டைச் செப்பனிட்டு அடுத்த வருடம் திரும்பவும் பயன்படுத்தும், ஆகவே காலியாக இருந்தாலும் இடிக்க வேண்டாம்.

எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு கூடு இருக்கிறது. இரண்டு வருடம் செம்பிட்டம் இருந்தது. இந்த வருடம் வாசலில் வைக்கோல் நீட்டிக்கொண்டிருக்கிறது. நோட்டில் சிட்டுக்குருவி 2 என்று எழுதியிருக்கிறேன்.